பரணில் தூங்கும் சீமைச் சைக்கிள்

பழைய இரும்புக்கு எடை போட்டுவிடாதீர்கள்! வீட்டிலேயே பழுது பார்க்கலாம், வர்ணமும் பூசலாம்.

எத்தனையோ வீடுகளில் ஒரு பழைய சைக்கிள் இருக்கிறது. மாட்டுக் கொட்டகையில் சாய்ந்து கிடக்கும். அல்லது பரணில் தலைகீழாகக் கிடக்கும். டயர் வெடித்துப் போயிருக்கும். ஸீட்டின் தோல் காய்ந்து சுருண்டிருக்கும். மட்கார்டின் மேல் கோழி ஏறி உட்கார்ந்திருக்கும்.

“அது தாத்தா ஓட்டியது” என்பார்கள் வீட்டில் உள்ளவர்கள்.

தாத்தா பள்ளிக்கூட வாத்தியாராக இருந்திருப்பார். தபால்காரராக இருந்திருப்பார். அல்லது மாமனார் வீட்டுச் சீராக அந்தச் சைக்கிள் வந்திருக்கும். ஊரில் இரண்டு மூன்று பேரிடம் மட்டுமே சைக்கிள் இருந்த காலம் ஒன்று உண்டு. அப்போது சைக்கிளுக்கு ஆண்டுதோறும் வரி கட்ட வேண்டும். கட்டியதற்கு அடையாளமாகத் தகர வில்லை ஒன்று கொடுப்பார்கள். இரவில் விளக்கு இல்லாமல் போனால் அபராதம். இரண்டு பேர் ஏறிப் போனாலும் அபராதம்!

இன்று அதே சைக்கிளைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டால் சில நூறு ரூபாய் கிடைக்கும். அவ்வளவுதான்.

ஆனால், அது சீமையில் செய்த சைக்கிளாக இருந்தால் கொஞ்சம் பொறுங்கள். அந்த வண்டி தூக்கி எறிவதற்காகச் செய்யப்பட்டது அல்ல. கழற்றுவதற்கும், துடைப்பதற்கும், மறுபடி பூட்டுவதற்கும் ஏற்றாற்போலச் செய்யப்பட்டது. நாலைந்து ஸ்பேனரும், ஒரு சுத்தியலும், நிறையப் பொறுமையும் இருந்தால் அதை மீண்டும் ஓட வைத்துவிடலாம்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் பதித்துக்கொள்ளுங்கள். பலர் முதல் நாளே கடைக்குப் போய்க் கறுப்புப் பெயிண்ட் டப்பா வாங்கி வந்துவிடுகிறார்கள். அது தவறு. வர்ணம் பூசுவது முதல் வேலை அல்ல. சில வண்டிகளுக்கு வர்ணமே தேவை இல்லை!

சீமையிலிருந்து வந்த கதை

இன்று நாம் காணும் சைக்கிளின் உருவம் 1885-ல் பிறந்தது. இங்கிலாந்தில் காவென்டிரி என்ற ஊரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் ‘ரோவர்’ என்ற வண்டியைச் செய்தார். அதற்கு முன் இருந்த உயரமான சைக்கிளில் முன்சக்கரம் ஆள் உயரம் இருக்கும். பின்சக்கரம் சின்னஞ்சிறியது. அதில் ஏறுவதே ஒரு வித்தை. ஸ்டார்லி இரண்டு சக்கரங்களையும் ஏறக்குறைய ஒரே அளவாக்கினார். செயின் மாட்டிப் பின்சக்கரத்தைச் சுழல வைத்தார்.

மூன்று ஆண்டு கழித்து, 1888-ல், பெல்பாஸ்ட் நகரில் இருந்த ஜான் பாய்டு டன்லப் காற்றடைத்த டயருக்கு உரிமை பெற்றார். அவர் ஒரு கால்நடை வைத்தியர். உடம்பை உலுக்கி எடுத்த சைக்கிள் சவாரி அதற்குப் பிறகு சுகமான சவாரி ஆயிற்று.

நாட்டிங்ஹாம் நகரில் ராலே தெரு என்று ஒரு தெரு உண்டு. அங்கே ஒரு சின்னப் பட்டறை சைக்கிள் செய்துகொண்டிருந்தது. பிராங்க் போடன் என்ற பணக்காரருக்கு உடம்பு சரியில்லை. சைக்கிள் ஓட்டும்படி டாக்டர் சொன்னார். ஓட்டினார், உடம்பு தேறியது. தேறியவர் அந்தப் பட்டறையையே வாங்கிவிட்டார்! 1888-ல் கம்பெனி தொடங்கியது. தெருவின் பெயரே வண்டிக்கும் பெயராயிற்று. அதுதான் ‘ராலே’.

‘ஹெர்குலிஸ்’ 1910-ல் பர்மிங்ஹாமில் பிறந்தது. ‘பி.எஸ்.ஏ.’ அதே ஊர்தான். துப்பாக்கி செய்த கம்பெனி அது. அதனால்தான் அதன் முத்திரையில் மூன்று துப்பாக்கிகள் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். ஹம்பர், ரட்ஜ், பிலிப்ஸ் என்று இன்னும் பல பெயர்கள் கப்பல் ஏறி வந்தன.

சுதந்திரம் வந்த பிறகு சைக்கிள்களை இங்கேயே செய்யத் தொடங்கினார்கள். 1949-ல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கம்பெனியும் சேர்ந்து சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கின. அம்பத்தூர் ஆலையிலிருந்து ஹெர்குலிஸ் சைக்கிள்கள் வந்தன. வங்காளத்தில் அசன்சோல் பக்கம் ‘சென்-ராலே’ ஆலை எழுந்தது.

ஆகவே பெயரை மட்டும் பார்த்துச் சீமை வண்டி என்று முடிவு செய்துவிட முடியாது. அம்பத்தூர் ஹெர்குலிஸும் உழைத்த வண்டிதான். அதையும் இதே முறையில் சீர்செய்யலாம்.

நாட்டிங்ஹாம் ராலே ஆலையில் 2002-ல் வேலை நின்றுவிட்டது. அங்கே செய்த வண்டி இனிப் புதிதாக வரப்போவதில்லை. இருப்பதைக் காப்பாற்றினால்தான் உண்டு.

அடையாளம் காண்பது எப்படி?

ஒரு பழைய துணியை எடுத்துக்கொள்ளுங்கள். சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்து, தூசியை மெல்லத் துடையுங்கள்.

முதலில் வண்டியின் நெற்றியைப் பாருங்கள். அதாவது, ஹாண்டில்பாருக்குக் கீழே உள்ள குட்டைக் குழாய். அங்கே முத்திரை இருக்கும். ராலேக்குக் கொக்கின் தலை. ரட்ஜுக்கு விரித்த கை.

பிறகு பெடலோடு சேர்ந்த பல்சக்கரத்தைப் பாருங்கள். ராலேயின் பல்சக்கரத்திலும் கொக்குத் தலைகள் தெரியும். ஹம்பருக்கு வேறோர் அடையாளம் உண்டு. முன் போர்க்கில் பக்கத்துக்கு ஒரு கால்தானே இருக்கும்? பல ஹம்பர் வண்டிகளில் பக்கத்துக்கு இரட்டைக் குழாய் இருக்கும்.

ஸ்போக்ஸ் கம்பிகளையும் எண்ணிப் பாருங்கள். சீமை வண்டியில் வழக்கமாக முன்சக்கரத்தில் 32, பின்சக்கரத்தில் 40 இருக்கும். பாரம் பின்னால் அதிகம் அல்லவா? அதற்காகத்தான்.

மூன்று கியர் வண்டி என்றால் பின்சக்கரத்தின் ஹப் பருத்து இருக்கும். ‘ஸ்டர்மி ஆர்ச்சர்’ என்று எழுதியிருக்கும். பலவற்றில் செய்த ஆண்டையும் பொறித்திருப்பார்கள். ஆனால் சக்கரத்தை இடையில் மாற்றியிருக்கலாம். அதனால் அதை மட்டும் வைத்து வண்டியின் வயதைச் சொல்லிவிடக் கூடாது.

பிரேமில் ஓர் எண் வெட்டியிருக்கும். பெரும்பாலும் ஸீட்டுக்குக் கீழே இருக்கும். பின்சக்கரம் மாட்டும் இடத்திலும் இருக்கலாம். அதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். அந்த எண்ணை அரத்தால் தேய்த்துவிடாதீர்கள். வண்டி உங்களுடையது என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி.

பழைய வர்ணம் பேசும்!

இனி முக்கியமான கேள்வி. புது வர்ணம் பூசலாமா, வேண்டாமா?

சீமை ஆலைகளில் வர்ணம் பூசியது சாதாரணமாக அல்ல. பிரேமுக்குத் துருப்பிடிக்காத பூச்சு கொடுத்தார்கள். அதன்மேல் எனாமல் பூசி, பெரிய அடுப்பில் வைத்துச் சுட்டார்கள். பிறகு கைதேர்ந்த தொழிலாளர்கள் நீண்ட முடியுள்ள தூரிகையை எடுத்து, குழாய்களின் மேல் மெல்லிய தங்கக் கோடுகளை வரைந்தார்கள். ஸ்கேல் இல்லை. கண்ணும் கையும்தான்!

அந்த வர்ணம் ஒரு முறைதான் உண்டு. சுரண்டி எடுத்துவிட்டால் திரும்ப வராது. மேலே மூடிவிட்டாலும் போனது போனதுதான்.

ஆகவே, பாருக்கு அடியில் உள்ளங்கை அகலம் இடத்தைச் சுத்தம் செய்து பாருங்கள். பழுப்பாகத் தெரிவது எல்லாம் துரு அல்ல. காய்ந்த எண்ணெயும் தூசியும் பல ஆண்டு சேர்ந்து பழுப்பாகப் படிந்திருக்கும். அது போனதும் உள்ளே கறுப்பு பளபளக்கும். சில வண்டியில் தங்கக் கோடும் தெரியும்.

பழைய வர்ணம் முக்கால் பங்கு நன்றாக இருந்தால், வண்டி முழுவதும் பூச வேண்டாம். பெயர்ந்த இடத்தில் மட்டும் சிறு தூரிகையால் தொட்டு வையுங்கள். பிறகு வண்டிக்குப் போடும் மெழுகைத் தேய்த்துத் துணியால் மெருகேற்றுங்கள். போதும்.

யாரோ இடையில் சாதாரணத் தூரிகையால் பூசியிருந்தால், அதன் அடியில் பழைய வர்ணம் உயிரோடு இருக்கலாம். ஓரத்தில் மெல்லச் சுரண்டிப் பாருங்கள்.

துரு இரும்பையே அரித்து, வர்ணம் ஏடு ஏடாக உதிர்ந்தால்தான் முழு வர்ணம் தேவை.

இன்னொரு எச்சரிக்கை. பெயரும் படமும் ஒட்டிய இடத்தில் மண்ணெண்ணெயும் தின்னரும் படவே கூடாது. நிமிஷத்தில் கரைந்துவிடும். பித்தளை முத்திரையைக் குத்துவிளக்கு துலக்குவதுபோல் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். முத்திரையின் பள்ளங்களில் உள்ள சிவப்பும் கறுப்பும் போய்விடும். ஈரத்துணியே போதும்.

உயிருக்கு உத்தரவாதம்

வர்ணம் எப்படி இருந்தாலும் வண்டி ஓடும். போர்க் உடைந்தால் ஓட்டுகிறவர் பாடு என்ன? ஆகவே எலும்பை முதலில் சோதியுங்கள்.

வண்டியை வெளிச்சத்தில் நிறுத்தி, குழாய்கள் சேரும் மூட்டுகளைப் பாருங்கள். மயிரிழைபோல் கீறல் இருக்கிறதா? கீறலின் வழியே துருக் கோடு தெரிகிறதா? போர்க்கின் தலைப்பகுதியைக் கட்டாயம் பாருங்கள். பாரம் எல்லாம் அங்கேதான் விழுகிறது.

அடுத்து, வண்டியைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். போர்க்கின் கால்கள் நெற்றிக் குழாயின் கோட்டிலேயே இறங்க வேண்டும். கீழே மட்டும் முன்பக்கமாக அழகாக வளைய வேண்டும். கால்கள் பின்னால் தள்ளினாற்போல் இருந்தால், வண்டி எங்கோ மோதியிருக்கிறது.

பிரேம் கோணியிருக்கிறதா என்று பார்க்க ஒரு நூல் போதும். பின்சக்கரத்தைக் கழற்றுங்கள். சக்கரம் மாட்டும் இடது முனையில் நூலைக் கட்டுங்கள். அதை முன்னே கொண்டுபோய், நெற்றிக் குழாயைச் சுற்றி, திருப்பிக் கொண்டுவந்து வலது முனையில் கட்டுங்கள். நூல் விறைப்பாக இருக்கட்டும். இப்போது ஸீட்டுக்குக் கீழே இறங்கும் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இருபுறமும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் பிரேம் நேராக இருக்கிறது.

கீறல் விழுந்த போர்க்கை மாற்றிவிடுங்கள். பிரேமில் கீறல் இருந்தால் விஷயம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். பக்கத்துப் பட்டறையில் மின்சார வெல்டிங் வைத்து ஒட்டிவிடாதீர்கள். அந்த மூட்டுகள் பித்தளையை உருக்கிச் சேர்த்தவை. வேலை தெரியாமல் சூடு காட்டினால் பக்கத்துக் குழாயும் பலம் இழக்கும். ஓட்ட முடியாத வண்டியைத் திண்ணையில் அலங்காரமாக நிறுத்தலாம். குழந்தையைக் கேரியரில் உட்காரவைத்து ஓட்டக் கூடாது.

கழற்றுவதில் ஒரு கணக்கு

கழற்றுமுன் செல்போனில் எல்லாப் பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிரேக் கம்பிகள் எப்படிப் போகின்றன என்பது மறுநாளே மறந்துபோகும்!

பழைய தட்டு, கிண்ணம், டப்பா எதுவானாலும் நாலைந்து வேண்டும். முன்சக்கரச் சாமான் ஒன்றில், பின்சக்கரச் சாமான் ஒன்றில் என்று பிரித்துப் போடுங்கள்.

இறுகிய நட்டுகளுக்கு மண்ணெண்ணெயும் இஞ்சின் ஆயிலும் கலந்து விடுங்கள். இரண்டு மூன்று நாள் ஊறட்டும். ஸீட் கம்பி குழாய்க்குள் துருவால் ஒட்டிக்கொண்டிருந்தால் சுத்தியலால் அடிக்காதீர்கள். தினம் எண்ணெய் விட்டு, மெல்லத் திருகித் திருகி எடுங்கள். ஒரு வாரம் ஆனாலும் பரவாயில்லை.

சைக்கிளில் எல்லா மரையும் ஒரே பக்கம் கழலாது. இடது பெடலின் மரை எதிர்மரை. மற்ற நட்டைக் கழற்றும் திசையில் திருகினால் அது இன்னும் இறுகும். வலப்பக்கத்தில், பல்சக்கரத்துக்குப் பின்னால் உள்ள கப்புக்கும் எதிர்மரைதான். இது தெரியாமல் பலம் கொண்ட மட்டும் திருகி மரையைக் கெடுத்தவர்கள் பலர்.

எல்லாவற்றிலும் சிரமமானது காட்டர் பின். பெடல் கையை அச்சோடு பிணைப்பது அதுதான். அதன் நட்டைப் பின்னின் நுனி மட்டத்துக்குத் தளர்த்துங்கள். பெடல் கைக்கு அடியில், பின்னின் தலைக்கு இடம் விட்டு, கனமான இரும்புக் குழாயையோ மரக்கட்டையையோ தாங்கலாக நிறுத்துங்கள். பிறகு நல்ல சுத்தியலால் ஓங்கி ஒரே அடி! சின்னச் சின்னதாகத் தட்டினால் பின்னின் நுனி காளான்போல் விரிந்துவிடும். பிறகு அதை எடுப்பதற்குள் போதும் போதும் என்று ஆகிவிடும். பழைய பின்னைத் திரும்பப் போடாதீர்கள். புதிது வாங்குங்கள், விலை அதிகம் இல்லை.

பால்ரஸ் குண்டுகளை எடுக்கும்போது எண்ணி எழுதுங்கள். ராலேயின் பெடல் அச்சில் பக்கத்துக்கு 11 கால் அங்குலக் குண்டுகள் இருக்கும். ஒன்று தரையில் உருண்டு போனாலும் தெரிய வேண்டும் அல்லவா?

துருவும் பளபளப்பும்

குரோமியம் பூசிய ஹாண்டில்பாரில் புள்ளி புள்ளியாகத் துரு இருந்தால் கரடான எமரித் தாளை எடுக்காதீர்கள். சாப்பாடு சுற்றித் தரும் அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் தொட்டுத் தேயுங்கள். துரு கரைந்து கறுப்பாக வழியும். துணியால் துடைத்தால் பளபளப்பு தெரியும். குரோமியம் அடியோடு பெயர்ந்த இடத்துக்கு இந்த வைத்தியம் செல்லாது. அங்கே துருவை எடுத்து, மெழுகு தடவி வைத்தால் மேலும் பரவாது.

நட்டு, கோன், செயின் இவற்றை மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேயுங்கள். அடுப்புப் பக்கம் வைத்துக்கொண்டு இந்த வேலை கூடாது.

குழந்தைகளைத் தூர விலக்குங்கள்!

பழைய வர்ணத்தில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. அந்தக் காலத்து வர்ணங்களில் ஈயம் கலப்பது சகஜம். இந்தியாவில் வீட்டு வர்ணங்களில் ஈயத்துக்குக் கடுமையான வரம்பு நடைமுறைக்கு வந்ததே 2017-ல்தான். பத்து லட்சம் பங்கு வர்ணத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்பது அந்த விதி.

உலர்ந்த வர்ணத்தை உப்புத்தாளால் தேய்த்தால் தூள் பறக்கும். மூச்சோடு உள்ளே போகும். கையில் ஒட்டிச் சோற்றோடு வயிற்றுக்குப் போகும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் கெடுத்துவிடும். கர்ப்பிணிகளுக்கும் ஆகாது.

ஆகவே, தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் தாளை வாங்குங்கள். நனைத்து நனைத்துத் தேயுங்கள். கீழே பிளாஸ்டிக் விரிப்பு போட்டு அதன்மேல் செய்தித்தாளைப் பரப்புங்கள். மூக்கும் வாயும் மூடத் தூசி வடிகட்டும் முகமூடி அணியுங்கள். சாதாரணத் துணி போதாது. வேலை முடிந்ததும் தாள்களைச் சுருட்டிக் கட்டிவிடுங்கள். முற்றத்தில் பெருக்கித் தள்ளாதீர்கள். கை கழுவாமல் தண்ணீர்கூடக் குடிக்காதீர்கள். போட்ட உடையைத் தனியாகத் துவையுங்கள். வர்ணத்தை நெருப்பு காட்டிச் சுட்டு எடுக்கவே கூடாது. அந்தப் புகை பொல்லாதது.

இப்போது வர்ணம்

துரு போய், பழைய வர்ணம் வழுவழுப்பாகி, பிரேம் உலர்ந்துவிட்டதா? இனிப் பெயிண்ட் டப்பாவைத் திறக்கலாம்.

நாள் பார்க்க வேண்டும். ராகுகாலம் அல்ல, வானிலை! ஐப்பசி, கார்த்திகை மழையில் வர்ணம் காயாது, மங்கிப் போகும். உச்சி வெயிலில் பூசினால் கொப்புளம் வரும். பனி விலகிய காலை நேரம், நிழல், காற்றோட்டம் மூன்றும் வேண்டும். தரையில் தண்ணீர் தெளித்தால் தூசி கிளம்பாது.

பிரேமைக் கயிற்றில் கட்டி உத்திரத்தில் தொங்க விடுங்கள். சுற்றிலும் பூசச் சௌகரியம். மரைகளிலும், கப் உட்காரும் இடங்களிலும் காகித டேப் ஒட்டுங்கள். அங்கே வர்ணம் புகுந்தால் பிறகு எதுவும் பூட்டாது. வண்டி எண் வெட்டிய இடத்தில் மெல்லியதாகப் பூசுங்கள்.

பிரேமை ஒரு முறை தின்னரால் துடைத்த பிறகு கையால் தொடாதீர்கள். நம் கையில் உள்ள எண்ணெய்ப் பசையே வர்ணத்தை உரிய வைக்கும்.

முதலில் துருவைத் தடுக்கும் பிரைமர் ஒரு பூச்சு. ஒரு நாள் காயட்டும். 400 நம்பர் தாளை நனைத்து மெல்லத் தேயுங்கள். பிறகு கறுப்பு எனாமல். மெல்லிய பூச்சாக இரண்டு அல்லது மூன்று. ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு நாள் இடைவெளி. டப்பாவில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதன்படி செய்யுங்கள். ஒரேயடியாகக் கெட்டியாகப் பூசினால் கண்ணீர்போல் வழியும்!

தொட்டுப் பார்த்தால் ஒட்டவில்லை என்பதற்காக உடனே பூட்டிவிடாதீர்கள். எனாமல் மேலே காய்ந்தாலும் உள்ளே இறுகப் பல நாள் ஆகும். ஒரு வாரமாவது தொங்கட்டும். இரண்டு வாரம் ஆனால் இன்னும் நல்லது.

தங்கக் கோடு வேண்டுமா? அணில் முடித் தூரிகை வாங்குங்கள். முதலில் கண்ணாடிப் பாட்டிலில் வரைந்து பழகுங்கள். சுண்டு விரலைக் குழாயின் மேல் ஊன்றி, தூரிகையைத் தள்ளாமல் தன் பக்கம் இழுங்கள். கோணினால் ஈரம் காயுமுன் துடைத்துவிடலாம். கை நடுங்குகிறது என்பவர்கள் ஊரில் பெயர்ப் பலகை எழுதுகிற ஓவியரைக் கேளுங்கள். அவருக்கு அது சில நிமிஷ வேலை.

மீண்டும் பூட்டுவது

கப்பில் கிரீஸ் வைத்து, குண்டுகளை வரிசையாக ஒட்ட வையுங்கள். பழைய குண்டும் புதுக் குண்டும் கலக்கக் கூடாது. போட்டால் எல்லாம் புதிது. கோனை இறுக்கிய பிறகு சக்கரம் தடையில்லாமல் சுழல வேண்டும். பக்கவாட்டில் ஆட்டினால் ஆடவும் கூடாது. மூன்று கியர் ஹப்பின் உள்ளே மட்டும் கிரீஸை அப்பாதீர்கள். அதற்கு எண்ணெய் விடும் துளை உண்டு. மெல்லிய எண்ணெய் சில சொட்டுப் போதும்.

காட்டர் பின் இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர்த் திசையில் போக வேண்டும். மாற்றிப் போட்டால் இரண்டு பெடலும் ஒரே கோட்டில் நிற்காது. மிதிக்கும்போது நொண்டும்.

டயருக்கும் டியூபுக்கும் அலைய வேண்டியது இல்லை. பெரிய சீமை வண்டியின் 28-க்கு ஒன்றரை அங்குல டயர் நம் நாட்டுப் பெரிய சைக்கிளுக்கும் அதே அளவுதான். பிரேக் ரப்பர், செயின் இவையும் பழைய சைக்கிள் கடைகளில் கிடைக்கும். ராலேயின் பெடல் அச்சுக் கப்பில் மட்டும் கவனம் வேண்டும். மற்றவற்றுக்கு அங்குலத்துக்கு 24 மரை, ராலேக்கு 26. கடையில் கிடைப்பதை அடித்துத் திணித்தால் பிரேமே பாழாகும். பழைய கப் நன்றாக இருந்தால் அதையே துடைத்துப் போடுங்கள்.

சக்கரக் கோட்டம் எடுப்பது அனுபவம் வேண்டிய வேலை. அதற்குச் சைக்கிள் கடைக்காரரிடம் கூலி கொடுப்பதில் கௌரவக் குறைச்சல் ஏதும் இல்லை. பக்கத்தில் நின்று பாருங்கள். அடுத்த தடவை நீங்களே செய்வீர்கள்.

கடைசியில் பிரேக். லீவரைப் பிடித்தால் ரப்பர்கள் இரண்டும் ரிம்மில் ஒரே சமயத்தில் பதிய வேண்டும். இரும்பு ரிம் மழையில் நனைந்தால் பிரேக் உடனே பிடிக்காது. இதை வீட்டில் ஓட்டுகிற எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். பின் மட்கார்டில் வெளிச்சம் பட்டால் மின்னும் சிவப்பு வில்லை ஒன்றைப் பொருத்துங்கள். தாத்தா காலத்து ரோட்டில் இவ்வளவு லாரிகள் இல்லை.

முதல் சவாரி காலி மைதானத்தில். நாலைந்து கிலோமீட்டர் ஓட்டிய பிறகு காட்டர் பின் நட்டுகளை மறுபடி இறுக்குங்கள். புதுப் பின் சற்றே உள்ளே இறங்கி உட்காரும், நட்டு தளரும்.

அவசரம் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வேலை செய்தாலும் இரண்டு மூன்று மாதத்தில் வண்டி ஓடும். ஆடியில் தொடங்கினால் புரட்டாசி, ஐப்பசி வாக்கில் வரும் ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து நிறுத்திவிடலாம். மழை தொடங்குமுன் வர்ணமும் இறுகிவிடும்.

வேலையில் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வர்ணம் சுரண்டும்போது வேண்டாம். குண்டு எண்ணவும், நட்டு துடைக்கவும், எந்தச் சாமான் எந்தக் கிண்ணத்தில் என்று எழுதவும் அவர்கள் போதும். அந்த வண்டி அடுத்த தடவை பழுதானால் யாரைத் தேடுவது என்ற கவலை வீட்டில் இருக்காது.